ஸ்காபரோ வடக்கு: காணாமல் போய்த் திரும்பி வந்த தொகுதி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல்களின் பழைய முடிவுகளைப் புரட்டிப் பார்த்தால், ரொறன்ரோவின் கிழக்கே இருக்கும் ஸ்காபரோ வடக்கு என்ற தொகுதியின் பெயர் 1963இல் முதன்முறையாகத் தலைகாட்டும். 1995 வரை ஒரு தேர்தல் விடாமல் வரும். பிறகு 1999, 2003, 2007, 2011, 2014 என ஐந்து பொதுத்தேர்தல்களில் அதைத் தேடினாலும் கிடைக்காது. 2018இல் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

நடுவில் அங்கிருந்த வீடுகளும் கடைகளும் எங்கேயும் போய்விடவில்லை. ஃபின்ச் வீதியில் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தொகுதியை ஊர்போல நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். தொகுதி என்பது சனத்தொகையைக் கணக்குப் பார்த்துப் போட்ட எல்லைக்கோடு. யார் வென்றார், எத்தனை வாக்கு வித்தியாசம் என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குள் நடந்தவை. கோடு நகர்ந்தால் கணக்கும் மாறும். ஒரு தொகுதியின் வரலாற்றைப் படிக்கிறவர் வெற்றியாளர் பட்டியலைத் திறக்கும் முன்னரே எல்லையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. அதைக் காட்டுவதற்கு ஸ்காபரோ வடக்கைவிட வசதியான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கனடாவில் தமிழர் நெருக்கமாக வாழும் பகுதிகளில் அதுவும் ஒன்று என்பதால், பெயர்கள் பல உங்களுக்கு ஏற்கெனவே பழகியவையாகவே இருக்கும்.

யார் எந்தச் சபைக்கு

ரொறன்ரோவில் ஒரு வீட்டில் இருப்பவருக்குக் குறைந்தது மூன்று பிரதிநிதிகள் உண்டு. ஒட்டாவாவில் இருக்கும் மத்திய நாடாளுமன்றத்துக்கு ஒருவர், அவரை எம்.பி. என்பார்கள். குயின்ஸ் பார்க்கில் இருக்கும் மாகாண சட்டமன்றத்துக்கு இன்னொருவர். ஒன்ராறியோவில் அவர் எம்.பி.பி. மூன்றாமவர் நகரசபை உறுப்பினர். குடிவரவும் கடவுச்சீட்டும் மத்திய அரசின் பொறுப்பு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், சாரதி அனுமதிப்பத்திரம், வாடகைச் சட்டம் ஆகியவை மாகாணத்தின் கையில். குப்பையும் குழாய்த் தண்ணீரும் நகரசபைக்கு. அம்மாவை ஸ்பொன்சர் செய்வதற்கு உதவி கேட்டு எம்.பி.பி. அலுவலகத்துக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கிருப்பவர்கள் முகம் கோணாமல் எம்.பி. அலுவலகத்தின் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள்.

இந்தக் கட்டுரை இரண்டாவது வகையை, அதாவது மாகாணத் தொகுதியைப் பற்றியது. அங்கே பேச்சுவழக்கில் அதை 'ரைடிங்' என்பார்கள். ஒன்ராறியோவில் இப்போது 124 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர். அதிக வாக்கு யாருக்கோ அவரே வென்றவர். பாதிக்கு மேல் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. 2007இல் இந்த முறையை மாற்றிக் கலப்பு விகிதாசார முறைக்குப் போகலாமா என்று மாகாணத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 63 சதவீதம் பேர் பழைய முறையே போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

வயலில் முளைத்த தொகுதி

1951இல் ஸ்காபரோ ஒரு டவுன்ஷிப். சனத்தொகை சுமார் 56,000. பத்தே வருடத்தில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. போருக்குப் பிந்திய குடும்பங்களும் ஐரோப்பாவில் இருந்து வந்த குடியேறிகளும் ரொறன்ரோவின் கிழக்கு விளிம்பில் வீடு வாங்கத் தொடங்கிய காலம் அது. தெற்கே ஏரிக்கரைப் பக்கம் நிரம்பிக்கொண்டிருந்தது. வடக்கே இன்னும் நிறைய விளைநிலம் இருந்தது. இன்று மல்வேர்ன் என்று நாம் அறிந்த இடத்தில் அரசாங்கம் 1950களிலேயே பண்ணைகளைக் கையகப்படுத்தி வைத்திருந்தது. ஆனால் அங்கே ஆட்கள் குடிவந்தது 1970களில்தான்.

இவ்வளவு சனம் கூடிய பிறகும் பழைய தொகுதி எல்லைகளை வைத்திருந்தால் ஓர் உறுப்பினர் தலையில் மூன்று பேரின் சுமை விழும். அதனால் 1963 தேர்தலுக்கு முன்னர் ஸ்காபரோவைப் பல துண்டாக வெட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஸ்காபரோ வடக்கு. முதல் தேர்தலில் வென்றவர் முற்போக்கு கொன்சர்வேட்டிவ் கட்சியின் டொம் வெல்ஸ். அதன்பின் 22 வருடம் அவரை அசைக்க யாராலும் முடியவில்லை. 1970களில் கல்வி அமைச்சராக இருந்தார். பின்னர் மத்திய-மாகாண உறவுகளுக்கான அமைச்சரானார். கனடாவின் அரசியலமைப்பை பிரிட்டனிடம் இருந்து முழுதாக எடுத்துக்கொள்ளும் 1981ஆம் ஆண்டுப் பேச்சுவார்த்தைகளில் ஒன்ராறியோ தரப்பில் முக்கியமானவராக இருந்தார்.

அந்த 22 வருடமும் தொகுதியின் பெயர் ஒன்றுதான், உறுப்பினரும் ஒருவர்தான். ஆனால் வாக்காளர்கள் அதே ஆட்கள் இல்லை. 1963இல் வெல்ஸுக்கு வாக்களித்தவர்களில் பலர் விட்டுப் போயிருந்தார்கள். வயலாக இருந்த இடத்தில் தொடர்மாடிகள் எழுந்திருந்தன. கரீபியன் தீவுகள், ஹொங்கொங், தெற்காசியா என்று பல திசைகளில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். 1983க்குப் பிறகு இலங்கையில் இருந்து தமிழர்களும் வரத் தொடங்கினர். தேர்தல் முடிவை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. 'கொன்சர்வேட்டிவ் கோட்டை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடலாம்.

1985இல் வெல்ஸ் தேர்தலில் நிற்கவில்லை. லிபரல் கட்சியின் அல்வின் கேர்லிங் வென்றார். ஜமேக்காவில் பிறந்தவர். அதே தேர்தலில்தான் ஒன்ராறியோவில் 42 வருட கொன்சர்வேட்டிவ் ஆட்சியும் ஆட்டம் கண்டது. அவர்களுக்கு 52 இடம், லிபரலுக்கு 48, என்.டி.பி. எனப்படும் புதிய ஜனநாயகக் கட்சிக்கு 25. லிபரலும் என்.டி.பி.யும் ஓர் உடன்பாட்டுக்கு வந்து அரசாங்கத்தை மாற்றினார்கள். முதல்முறை வென்ற கேர்லிங் வீடமைப்பு அமைச்சரானார்.

ஒரு இரவு முழுக்க எழும்பாத உறுப்பினர்

கேர்லிங்கின் காலத்தில் எல்லை ஒருமுறை மாறியது. 1987இல் மாகாண ஆசனங்கள் 125இல் இருந்து 130 ஆகின. அஜின்கோர்ட் தனித் தொகுதியாகப் போனது. ஸ்காபரோ வடக்கு சுருங்கியது. ஆனாலும் கேர்லிங் விடவில்லை. 1990இல் என்.டி.பி. அலை அடித்தபோதும் வென்றார். 1995இல் மைக் ஹரிஸின் கொன்சர்வேட்டிவ் அலை அடித்தபோதும் வென்றார்.

அந்த 1995ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹரிஸ் அரசாங்கம் 26ஆம் இலக்கச் சட்டமூலம் என்ற ஒரு பெரிய மூட்டையைச் சபைக்குக் கொண்டுவந்தது. மருத்துவமனைகளை மூடுவது, நகரசபைகளை இணைப்பது என்று பல விஷயங்களை ஒன்றாகக் கட்டி, வேகவேகமாக நிறைவேற்றிவிடத் துடித்தது. மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அரசாங்கம் மசியவில்லை.

டிசம்பர் 6ஆம் தேதி சபையில் வாக்கெடுப்பு வந்தது. சபைக்குள் இருக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் வாக்கைக் காட்ட வேண்டும் என்பது விதி. கேர்லிங் எழும்பவில்லை. சபாநாயகர் சொல்லியும் எழும்பவில்லை. வெளியே போகச் சொன்னார், போகவில்லை. அவரை வெளியேற்றும்படி சபைக் காவலருக்கு உத்தரவு போனது. அதற்குள் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அவருடைய ஆசனத்தைச் சுற்றி வளையமாக நின்றுவிட்டார்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு போகக் காவலர்கள் தயாராக இல்லை. அவரை வெளியேற்றாமல் சபையின் மற்ற வேலையைத் தொடரவும் வழியில்லை. இரவு முழுக்க அப்படியே போனது. மறுநாள் வரை அந்த மனிதர் தன் நாற்காலியை விட்டு அசையவில்லை. கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. 1996 ஜனவரியில் மாகாணத்தின் பல ஊர்களில் பொது விசாரணை நடத்த ஒப்புக்கொண்டது.

சட்டம் பிறகு நிறைவேறத்தான் செய்தது. அதை எழுதும்போது ஒரு தொகுதி உறுப்பினரால் என்னதான் செய்ய முடியும் என்ற கேள்வி எழும். பின்வரிசையில் இருக்கும் எதிர்க்கட்சி எம்.பி.பி. ஒருவருக்குக் கிடைத்த ஆயுதம் சபை விதிப் புத்தகத்தின் ஒரு வரிதான். அவர் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். 2003இல் அதே கேர்லிங் அதே சபையின் சபாநாயகராகத் தேர்வானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்.

தொகுதி மறைந்த கதை

அதே ஹரிஸ் அரசாங்கம் 1996இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. 'குறைந்த அரசியல்வாதிகள் சட்டம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். சட்டத்தின் பெயரிலேயே பிரசாரம் செய்துவிடும் வழக்கம் ஒன்ராறியோவில் அப்போதுதான் சூடுபிடித்தது.

அதற்கு முன் மாகாணத் தொகுதிகளுக்குத் தனியாக ஒரு வரைபடம் இருந்தது. மத்திய தொகுதிகளுக்கு இன்னொன்று. புதிய சட்டம் மாகாணத்துக்கென்று இருந்த வரைபடத்தைக் கிழித்துப் போட்டது. மத்திய நாடாளுமன்றத்துக்கு ஒன்ராறியோவில் 103 தொகுதி இருந்தால் மாகாண சட்டமன்றத்துக்கும் அதே 103, அதே எல்லை, அதே பெயர். 130 உறுப்பினர்கள் ஒரே வீச்சில் 103 ஆனார்கள். ஸ்காபரோவில் ஆறாக இருந்தவை ஐந்தாகின.

மத்திய எல்லைகளை யார் வரைகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை குடிசன மதிப்பீடு முடிந்ததும் ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு நியமிக்கப்படும். தலைவர் பொதுவாக ஒரு நீதிபதி. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் ஏற்பாடு இது. மாகாணச் சனத்தொகையை ஆசன எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி எடுப்பார்கள். ஒவ்வொரு தொகுதியும் அந்தச் சராசரிக்கு 25 சதவீதம் மேலேயோ கீழேயோ இருக்கலாம். ஆளும் கட்சி தனக்குச் சாதகமாகக் கோடு போடுவதற்கு இதில் இடம் குறைவு. அமெரிக்காவில் இதற்காக நடக்கும் அடிபிடியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று விளங்கும்.

மத்திய வரைபடத்தில் ஸ்காபரோவின் வடகிழக்கு மூலைக்கு 1988 தேர்தலில் இருந்தே ஸ்காபரோ-ரூஜ் ரிவர் என்று பெயர். வடக்கே ஸ்டீல்ஸ் அவென்யூ, மேற்கே மிட்லண்ட் அவென்யூ, தெற்கே பெரும்பாலும் 401 நெடுஞ்சாலை, கிழக்கே நகர எல்லை. 1999இல் மாகாணமும் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஸ்காபரோ வடக்கு என்ற பெயர் பட்டியலில் இருந்து விழுந்தது. கேர்லிங் புதிய பெயரில் நின்று மறுபடி வென்றார். பழைய முடிவுகளைத் தேடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். கேர்லிங் 1985இல் இருந்து 2005 வரை தொடர்ந்து உறுப்பினராக இருந்தார். ஆனால் அவருடைய பெயர் இரண்டு தொகுதிகளின் பட்டியல்களில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது.

ரூஜ் ரிவர் வருடங்கள்

2005இல் கேர்லிங்கை டொமினிக்கன் குடியரசுக்குத் தூதராக மத்திய அரசு நியமித்தது. அவர் பதவி விலக, அந்த நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் லிபரல் கட்சியின் பாஸ் பல்கிசூன் வென்றார். டிரினிடாட்டில் பிறந்தவர். அதுவரை நகரசபை உறுப்பினர்.

நகரசபையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரசபை, தொகுதிகளை இரண்டு இரண்டாகப் பிளந்து தன் வட்டாரங்களை அமைத்தது. ரூஜ் ரிவர் தொகுதி 41ஆம், 42ஆம் வட்டாரங்களானது. 41இல் பல்கிசூன். 42இல் ரேமண்ட் சோ. சோ கொரியாவில் பிறந்தவர். 1991இல் இருந்தே உள்ளூர் சபைகளில் இருந்தவர். பின்னாளில் இரண்டு பேருமே இதே தொகுதியின் எம்.பி.பி. ஆனார்கள்.

சோவின் பாதை வேடிக்கையானது. 1988இல் மத்திய தேர்தலில் என்.டி.பி. வேட்பாளராக நின்றார், தோற்றார். 2004இல் சுயேச்சையாக நின்றார், தோற்றார். 2014 மாகாணத் தேர்தலில் கொன்சர்வேட்டிவ் வேட்பாளராக நின்றார், அதிலும் தோற்றார். மூன்று முறையும் தொகுதியின் பெயர் ஸ்காபரோ-ரூஜ் ரிவர். கட்சிக் கொள்கையைவிட ஆளின் அறிமுகம்தான் இங்கே பெரிது என்று உள்ளூரில் சொல்வார்கள். கதவு தட்டிக் கதைத்த மனிதரைச் சனம் மறக்காது என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது மட்டுமே போதாது என்பதற்கும் சோவின் மூன்று தோல்விகளே சாட்சி.

2011ஆம் ஆண்டும் கவனிக்க வேண்டியது. மே 2ஆம் தேதி மத்திய தேர்தலில் இந்தத் தொகுதி என்.டி.பி.யின் ராதிகா சிற்சபைஈசனைத் தேர்ந்தெடுத்தது. கனடிய நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழர் அவர். அக்டோபர் 6ஆம் தேதி மாகாணத் தேர்தலில் அதே தொகுதி லிபரலின் பல்கிசூனைத் திரும்ப அனுப்பியது. எல்லையும் வாக்காளர்களும் ஏறக்குறைய அவர்களேதான். ஐந்து மாதத்துக்குள் இரண்டு கட்சி. 'இது லிபரல் தொகுதி', 'இது என்.டி.பி. தொகுதி' என்று முத்திரை குத்துகிறவர்கள் எந்தச் சபையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

2016 மார்ச்சில் பல்கிசூன் திடீரென்று விலகினார். செப்டம்பர் 1ஆம் தேதி இடைத்தேர்தல். லிபரல் சார்பில் பிரகல் திரு, என்.டி.பி. சார்பில் நீதன் சான். இரண்டு பேரும் தமிழர். கொன்சர்வேட்டிவ் சார்பில் மறுபடியும் சோ. முதலமைச்சர் கத்லீன் வின்னின் லிபரல் அரசு மீது சனத்துக்கு எரிச்சல் ஏறிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூடங்களில் கொண்டுவந்த புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டமும் பேசுபொருளாக இருந்தது. அதை நீக்குவோம் என்று கொன்சர்வேட்டிவ் தலைவர் பற்றிக் பிரவுன் பெயரில் தொகுதியில் ஒரு கடிதம் போனது. சில நாளிலேயே, அது தவறு என்று அவரே பின்வாங்கினார். பெற்றோர் பலரின் மனதில் அதற்குள் அது பதிந்துவிட்டது.

சோவுக்குச் சுமார் 39 சதவீதம், திருவுக்குச் சுமார் 29, சானுக்குச் சுமார் 28. மூன்று பத்தாண்டு லிபரல் வசம் இருந்த பகுதி கைமாறியது. தமிழ் வாக்குப் பிரிந்ததால்தான் தோற்றோம் என்ற பேச்சு அப்போது நம் வட்டாரங்களில் பரவலாக இருந்தது. நான் அதை முழுதாக ஏற்க மாட்டேன். திருவுக்கும் சானுக்கும் விழுந்த வாக்கெல்லாம் தமிழர் வாக்கு அல்ல. தமிழர் எல்லோரும் அவர்கள் இருவருக்கே போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. இரண்டு கட்சிகளின் வாக்கைக் கூட்டி ஒரு சமூகத்தின் வாக்கு என்று பெயர் வைப்பது கணக்காகாது. 39 சதவீதத்தில் ஒருவர் வெல்லலாம் என்ற விதிதான் இங்கே முதல் காரணம். சோ விட்டுப்போன 42ஆம் வட்டாரத்துக்கு 2017 பிப்ரவரியில் நடந்த நகரசபை இடைத்தேர்தலில் நீதன் சான் வென்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வாக்காளர் ஆளைப் பார்த்து, சபையைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து முடிவெடுப்பது தெரியும்.

வெட்டும் ஒட்டும்

2011 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு மத்திய எல்லைகள் மறுபடி மாறின. மத்திய அரசு 2015இல் புதிய கோட்டில் தேர்தல் வைத்தது. மாகாணம் வழக்கம்போல ஒரு சுற்றுப் பிந்தி 2018இல் அதே கோட்டுக்கு வந்தது. ரூஜ் ரிவர் தொகுதி நடுவில் வெட்டப்பட்டது. மேற்குப் பாதிக்குப் பழைய பெயரே கிடைத்தது: ஸ்காபரோ வடக்கு. மில்லிக்கன், அஜின்கோர்ட்டின் கிழக்கு, மல்வேர்னின் ஒரு பகுதி அதற்குள். கிழக்குப் பாதி, மல்வேர்னின் மீதியோடு ஸ்காபரோ-ரூஜ் பார்க் என்ற புதிய தொகுதிக்குப் போனது. ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலை அதற்குள்தான் இருக்கிறது.

ரூஜ் பார்க்கின் மறுபாதி எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவாரசியம். 2007இல் இருந்து பிக்கரிங்-ஸ்காபரோ கிழக்கு என்று ஒரு மாகாணத் தொகுதி இருந்தது. பிக்கரிங் ரொறன்ரோவுக்கு வெளியே இருக்கும் தனி நகரம். ரொறன்ரோவின் ஓரத்தில் எஞ்சிய சனத்தொகை ஒரு முழுத் தொகுதிக்குப் போதாததால், நகர எல்லையைத் தாண்டி இரண்டையும் கோத்துவிட்டார்கள். பிக்கரிங் குடியிருப்பாளருக்கும் வெஸ்ட் ஹில் குடியிருப்பாளருக்கும் நகரசபை வேறு, வரி வேறு, குப்பை எடுக்கும் நாள் வேறு, எம்.பி.பி. மட்டும் ஒருவர். பெயரில் கோடு போட்டு இரண்டு ஊரைச் சேர்த்திருந்தால் இப்படி ஏதோ ஒரு சமரசம் நடந்திருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். 2018இல் அந்தக் கோவையைப் பிரித்து, ஸ்காபரோ பக்கத்தை ரூஜ் பார்க்கோடு ஒட்டினார்கள்.

புதிய தொகுதியில் 'சென்ற தேர்தலில் யார் வென்றது' என்ற கேள்விக்கு நேரான பதில் இல்லை. சென்ற தேர்தலில் அந்தத் தொகுதியே இல்லையே. இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியும் சில நூறு வாக்காளர் கொண்ட சிறு வாக்களிப்புப் பிரிவுகளாகப் பிரிந்திருக்கும். பழைய தேர்தலில் ஒவ்வொரு பிரிவிலும் விழுந்த வாக்கை எடுத்து, அந்தப் பிரிவு இப்போது எந்தத் தொகுதிக்குள் வருகிறதோ அங்கே கூட்டுவார்கள். தொலைக்காட்சியில் 'கட்சி தக்கவைத்தது', 'கட்சி பறித்தது' என்று சொல்வதெல்லாம் எல்லை மாறிய வருடத்தில் இந்தக் கணக்கை வைத்துத்தான். அது ஒரு மதிப்பீடு. எல்லை வேறாக இருந்திருந்தால் வேட்பாளரும் பிரசாரமும் வேறாக இருந்திருக்கும். அதை எந்தக் கூட்டலாலும் பிடிக்க முடியாது.

2018இல் சோ ஸ்காபரோ வடக்கில் நின்று இலகுவாக வென்று மூத்தோர் நலனுக்கான அமைச்சரானார். 2022இலும் 2025இலும் திரும்பவும் வென்றார். 1936இல் பிறந்தவர் என்பதால் கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 88. ரூஜ் பார்க்கில் கொன்சர்வேட்டிவ் வேட்பாளர் விஜய் தணிகாசலம் என்.டி.பி. வேட்பாளரை ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் முந்தினார். அவர் தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்ததுதான் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம். 2021 மே மாதம் நிறைவேறியது. மே 18இல் முடியும் ஏழு நாட்களை அது குறிக்கிறது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் இருந்தார்கள், சட்டம் நிலைத்தது. அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவரும் சட்டமூலங்களில் பெரும்பாலானவை நிறைவேறாமலே போகும். அந்தக் கணக்கில் இது விதிவிலக்கு.

ஒரு லட்சமும் முப்பத்து மூவாயிரமும்

ஸ்காபரோ வடக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். காரில் போனால் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் போகச் சில நிமிடம்தான், 401இல் நெரிசல் இல்லாவிட்டால். அதே மாகாணத்தின் தூர வடக்கில் கிவெட்டினூங் என்று ஒரு தொகுதி. 2016 குடிசன மதிப்பீட்டுப்படி அங்கே சுமார் 33,000 பேர்தான். பரப்பளவோ பல ஐரோப்பிய நாடுகளைவிடப் பெரிது. பல ஊர்களுக்கு வருடம் முழுக்கப் போகும் வீதியே கிடையாது. 2017இல் ஒரு சட்டத் திருத்தத்தால் உருவாக்கிய இரண்டு வடக்குத் தொகுதிகளில் ஒன்று அது. அப்படித்தான் மொத்தம் 122இல் இருந்து 124 ஆனது. ஒன்ராறியோவில் பூர்வகுடியினர் பெரும்பான்மையாக உள்ள ஒரே தொகுதியும் அதுதான். அங்கிருந்து வந்த சொல் மாமக்வா 2024 மே மாதம் சட்டமன்றத்தில் தன் தாய்மொழியில் பேசினார். பூர்வகுடி மொழி ஒன்று அங்கே அப்படி ஒலித்தது அதுவே முதல்முறை.

ஸ்காபரோ வாக்காளர் மூன்று பேருக்கு அங்கே ஒருவர் சமம் என்றால் அது நியாயமா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1991இல் சஸ்காச்சுவான் மாகாணத் தொகுதி எல்லை பற்றிய தீர்ப்பில், கனடிய வாக்குரிமை கேட்பது எண்ணிக்கைச் சமத்துவத்தை மட்டும் அல்ல, 'பயனுள்ள பிரதிநிதித்துவத்தை' என்று நீதிமன்றம் சொன்னது. நிலப்பரப்பு, சமூகம், வரலாறு ஆகியவற்றுக்காகக் கொஞ்சம் விலகலாம். எனக்கு வடக்கின் வாதம் புரிகிறது. ஆனால் வேகமாக வளரும் புறநகர்களின் வாக்கு ஒவ்வொரு பத்தாண்டும் மெல்ல மெல்லத் தேய்ந்து, அடுத்த மறுவரையறை வரை அப்படியே கிடப்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. புதிதாக வருகிறவர்கள் குடியேறுவது பெரும்பாலும் அந்தப் புறநகர்களில்தான்.

ஒரே வருடம், இரண்டு வரைபடம்

2018இல் இந்தக் கோடுகளின் பலம் இன்னும் கூடியது. டக் ஃபோர்டின் மாகாண அரசாங்கம், நகரசபைத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, ரொறன்ரோ நகரசபையில் 47 ஆக இருக்கவேண்டிய வட்டாரங்களை 25 ஆகக் குறைத்தது. அந்த 25க்கும் எல்லை எது? இதே தொகுதிகளின் எல்லைதான். ஸ்காபரோ வடக்கு 23ஆம் வட்டாரம், ரூஜ் பார்க் 25ஆம் வட்டாரம். நகரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 அக்டோபரில் ஐந்துக்கு நான்கு என்று மாகாணத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. எம்.பி., எம்.பி.பி., நகரசபை உறுப்பினர் மூன்று பேருக்கும் ஒரே எல்லை என்ற நிலை அப்படி வந்தது. வாக்காளருக்கு அது ஒரு வசதிதான்.

அந்த வசதி அதிக காலம் நீடிக்கவில்லை. 2021 குடிசன மதிப்பீட்டை வைத்து மத்திய ஆணைக்குழு மறுபடி கோடு போட்டது. ரொறன்ரோவுக்கு 25 ஆக இருந்த மத்திய ஆசனங்கள் 24 ஆகின. கரி ஆனந்தசங்கரி 2015இல் இருந்து பிரதிநிதித்துவப்படுத்திய ஸ்காபரோ-ரூஜ் பார்க், ஸ்காபரோ-கில்ட்வுட்-ரூஜ் பார்க் ஆனது. ஆனால் இந்த முறை ஒன்ராறியோ பின்தொடரவில்லை. 124ஐயும் 2018 எல்லைகளையும் அப்படியே வைத்துக்கொண்டது. 1999இல் ஹரிஸ் ஒட்டிவைத்த இரண்டு வரைபடங்களும் மறுபடி பிரிந்தன.

2025 பிப்ரவரி 27 மாகாணத் தேர்தல் பழைய கோட்டில் நடந்தது. அதே வருடம் ஏப்ரல் 28 மத்திய தேர்தல் புதிய கோட்டில் நடந்தது. ஸ்காபரோ வடக்கு என்ற பெயர் இரண்டு வாக்குச்சீட்டிலும் இருந்தது. ரூஜ் பார்க் பக்கம் சில தெருக்களில் இருப்பவர்கள் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு வெவ்வேறு தொகுதிப் பெயர்களின் கீழ் வாக்களித்துவிட்டு வந்தார்கள். அவர்களுடைய நகரசபை வட்டாரம் மட்டும் பழைய 25ஆகவே இருக்கிறது.